பந்தயத்தை அனுமதிப்பது ஒன்று, கூவி விற்க விடுவது இன்னொன்று

கேள்வி இதுதான்: "மக்கள் எப்படியும் விளையாட்டுகள் மேல் பந்தயம் கட்டத்தான் போகிறார்கள். தடை செய்தால் பணம் கள்ளச் சந்தைக்குப் போகிறது. அதற்குப் பதிலாகச் சட்டப்பூர்வமாக்கி, வரி வாங்கி, விளம்பரத்துக்குக் கொஞ்சம் கட்டுப்பாடு வைத்தால் போதாதா? பல நாடுகள் அதைத்தானே செய்கின்றன?"

முதல் பாதியோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. "விளம்பரத்துக்குக் கொஞ்சம் கட்டுப்பாடு" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பந்தயத்தைச் சட்டப்பூர்வமாக்கிய நாடுகள் பலவும் இடறி விழுந்தது அந்த இடத்தில்தான். பந்தயம் கட்டுவது குற்றமில்லை என்று அறிவிப்பது ஒரு முடிவு. பந்தய நிறுவனம் ஆள் பிடிக்க ஊரெல்லாம் கூவலாம் என்பது தனி முடிவு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி நிறைவேற்றிவிடுவதால் இரண்டாவதைப் பற்றி யாரும் ஆற அமர விவாதிப்பதே இல்லை. விளைவு தெரிய ஆரம்பித்த பிறகுதான் விவாதம் தொடங்குகிறது. அதற்குள் அந்தப் பணத்தை நம்பிப் பலர் பிழைக்கத் தொடங்கியிருப்பார்கள்.

இரண்டையும் பிரித்து வைக்க முடியுமா என்றால், முடியும். பிரிட்டன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படித்தான் நடத்தியது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1961 மே மாதத்திலிருந்து அங்கே பந்தயக் கடைகள் திறக்கப்பட்டன. அதற்கு முன்பு புக்கிகளின் ஆட்கள் தெருமுனையிலும் மதுக்கூடங்களிலும் பணம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். போலீஸ் அவ்வப்போது துரத்தும். கடைகளுக்கு அனுமதி கொடுத்தபோது அரசு கூடவே ஒரு கொள்கையையும் வைத்தது: இருக்கிற ஆசைக்கு வழி விடலாம், இல்லாத ஆசையைத் தூண்டிவிடக் கூடாது. அதன்படி கடைக்குள் நடப்பது வெளியே தெரியாதபடி கண்ணாடியை மறைக்க வேண்டும். உள்ளே தொலைக்காட்சி கிடையாது, தேநீர் கிடையாது, சாவகாசமாக உட்கார இடம் கிடையாது. வந்தாயா, கட்டினாயா, கிளம்பு என்பதுதான் ஏற்பாடு. 1978இல் அறிக்கை கொடுத்த, ராத்ஸ்சைல்ட் பிரபு தலைமையிலான ராயல் கமிஷனும் (அரசு அமைத்த விசாரணைக் குழு) இந்தக் கொள்கையை ஒட்டியே பேசியது. 1980களில் கடைக்குள் தொலைக்காட்சியும் தேநீரும் வந்தன. ஆனால் வீட்டுத் தொலைக்காட்சியில் பந்தய நிறுவனத்தின் விளம்பரம் என்பது அப்போதும் வரவில்லை.

2005இல் புதுச் சட்டம் வந்தது, 2007 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இணையம் வந்துவிட்டது, வெளிநாட்டு நிறுவனங்கள் உள்ளே நுழைகின்றன, பழைய கட்டுப்பாடு காலத்துக்கு ஒத்துவராது என்பது அன்றைய வாதம். தொலைக்காட்சி விளம்பரத்துக்குக் கதவு திறந்தது. ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் எண்ணிப் பார்த்தபோது, 2007இல் சுமார் 2.34 லட்சமாக இருந்த சூதாட்ட விளம்பர ஒளிபரப்புகள் 2012இல் 13.9 லட்சமாகியிருந்தன. பந்தயம் கட்டுவது அங்கே 1961இலிருந்தே சட்டப்பூர்வம்தான் என்பதை மறக்காதீர்கள். மாறியது இரண்டு விஷயங்கள்: விளம்பரத்துக்குக் கிடைத்த சுதந்திரம், அப்புறம் எல்லாருடைய பாக்கெட்டிலும் வந்து சேர்ந்த போன். இந்த இரண்டில் எது எவ்வளவு பாதிப்பு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் போனைச் சட்டம் போட்டுத் தடுக்க முடியாது, விளம்பரத்தைத் தடுக்க முடியும்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். விளம்பரப் பணம் விளையாட்டுக்குள் இறங்கியது. 2019-20 பருவத்தில் பிரீமியர் லீக்கின் 20 கால்பந்து அணிகளில் 10 அணிகளின் ஜெர்சி முன்புறத்தில் பந்தய நிறுவனத்தின் பெயர்தான் இருந்தது. கிளப்புகள், சேனல்கள், பத்திரிகைகள் எல்லாமே அந்தப் பணத்தில் பங்குள்ளவை. இதற்குப் பிறகு "நிறுத்து" என்று சொல்வது பந்தய நிறுவனத்தோடு போடும் சண்டையாக மட்டும் இருப்பதில்லை. ஊரே கொண்டாடும் அணியின் வருமானத்தில் கை வைக்கும் விஷயமாகிவிடுகிறது. எந்த அமைச்சருக்கு அந்தத் துணிச்சல் வரும்?

அதனால்தான் பிரிட்டனில் வந்த கட்டுப்பாடுகள் பல, நிறுவனங்களே முன்வந்து ஏற்றுக்கொண்டவையாக இருக்கின்றன. 2019 ஆகஸ்டிலிருந்து, இரவு 9 மணிக்கு முன் தொடங்கும் நேரலை ஆட்டங்களில், ஆட்டம் தொடங்க 5 நிமிடம் முன்பிருந்து முடிந்து 5 நிமிடம் வரை விளம்பர இடைவேளையில் பந்தய விளம்பரம் இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே ஆட்டத்தில் மைதான ஓரப் பலகையும் ஜெர்சியும் 90 நிமிடமும் கண் முன்னேதான் இருந்தன. 2023 ஏப்ரலில் பிரீமியர் லீக் அணிகள் ஜெர்சி முன்புறத்தை விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டன. அதுவும் 2025-26 பருவம் முடியும் வரை அவகாசத்தோடு. கைப்பகுதியும் ஓரப் பலகையும் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒருவர் தானாக முன்வந்தால், எதை விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொண்டார் என்று பார்ப்பது என் பழக்கம்.

நெதர்லாந்தின் கதை இன்னும் வேகமானது. அங்கே ஆன்லைன் சந்தை 2021 அக்டோபரில் திறந்தது. முன்னாள் கால்பந்து நட்சத்திரங்களை வைத்து விளம்பரங்கள் கொட்ட ஆரம்பித்ததும், அதே ஆண்டு முடிவதற்குள் நாடாளுமன்றத்திலேயே எதிர்ப்பு கிளம்பிவிட்டது. 2022 ஜூன் இறுதியில் பிரபலங்களைப் பயன்படுத்தத் தடை. 2023 ஜூலையில் தொலைக்காட்சி, வானொலி, தெருப்பலகை போன்று எல்லார் கண்ணிலும் படும் விளம்பரங்களுக்குத் தடை. 2025 ஜூலையில் விளையாட்டு ஸ்பான்சர்ஷிப்புக்கும் தடை. சட்டம் போட்ட மை காய்வதற்குள் திருத்தத் தொடங்கிவிட்டார்கள். முதல் நாளே எழுதியிருக்க வேண்டியதை நான்கு ஆண்டில் தவணை முறையில் எழுதியிருக்கிறார்கள்.

பிரேசிலில் வேறு விதமான குளறுபடி. 2018 டிசம்பரில் பந்தயத்தைச் சட்டப்பூர்வமாக்கினார்கள். ஆனால் அதை நடத்துவதற்கான விதிகளை எழுதவில்லை. 2023 டிசம்பர் இறுதியில்தான் அடுத்த சட்டம் வந்தது. உரிமம் பெற்ற நிறுவனங்கள் மட்டுமே இயங்கலாம் என்ற நிலை 2025 ஜனவரியில்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வெளிநாட்டில் பதிவுசெய்த நிறுவனங்கள் முதல் பிரிவு கால்பந்து அணிகளில் பெரும்பாலானவற்றின் ஜெர்சியில் ஏறி உட்கார்ந்துவிட்டன. குற்றமும் இல்லை, விதியும் இல்லை என்ற இடைவெளியைப் போல இந்தத் தொழிலுக்கு வசதியானது வேறெதுவும் கிடையாது.

சரி, எதிர்த்தரப்பு வாதத்துக்கு வருவோம். அதை அலட்சியமாகத் தள்ள முடியாது. உரிமம் பெற்ற நிறுவனம் வரி கட்டுகிறது, வயதைச் சரிபார்க்கிறது, தன்னைத் தடுத்துவைக்கச் சொல்லிப் பதிவு செய்தவரை உள்ளே விடுவதில்லை. கள்ளத் தளம் இதில் எதையும் செய்யாது. எது உரிமம் பெற்றது என்று மக்களுக்குத் தெரியாவிட்டால் கள்ளத் தளத்துக்கே போவார்கள்; ஆகவே விளம்பரம் தேவை என்கிறார்கள். ஐரோப்பிய நீதிமன்றமே 2007இல் பிளாகானிகா வழக்கில், கள்ளத்தனமாக ஆடுபவர்களை அனுமதி பெற்ற இடத்துக்கு இழுக்க ஓரளவு விளம்பரம் தேவைப்படலாம் என்று ஏற்றுக்கொண்டது.

ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்த நோக்கத்துக்கு என்ன மாதிரி விளம்பரம் வேண்டும்? "நாங்கள் உரிமம் பெற்றவர்கள், எங்கள் பெயர் இது" என்று சொன்னால் போதும். கட்டினால் இவ்வளவு போனஸ், தோற்றால் பணம் வாபஸ், உன் அபிமான வீரரே கட்டுகிறார் பார் என்பதெல்லாம் ஏற்கனவே கட்டுபவரை இடம் மாற்றுவதற்கு மட்டும் பயன்படுபவை அல்ல. இதுவரை கட்டாதவரையும், விட்டுவிட முயல்பவரையும், பெற்றோரோடு ஆட்டம் பார்க்கும் பிள்ளையையும் அவை போய்ச் சேர்கின்றன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2022 ஏப்ரலில் சந்தையைத் திறந்தபோது, போனஸ் சலுகைகளைப் பொதுவெளியில் விளம்பரம் செய்யக் கூடாது என்ற விதியைத் தொடக்கத்திலேயே வைத்தது. நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் சொல்லலாம், கேட்டுக்கொண்டவருக்கு அனுப்பலாம், அவ்வளவுதான். மீறியவர்களுக்கு முதல் சில வாரங்களிலேயே அபராதமும் விழுந்தது. அவர்கள் கோட்டைவிட்டது விளையாட்டு வீரர்கள் விஷயத்தில். ஐஸ் ஹாக்கி உலகின் பெரிய பெயர்களான வெய்ன் கிரெட்ஸ்கியும் கானர் மெக்டேவிடும் விளம்பரங்களில் வந்தபிறகுதான் விழித்துக்கொண்டார்கள்; 2024 பிப்ரவரியிலிருந்து அதற்கும் தடை.

நிறுவனங்கள் சொல்லும் இன்னொரு வாதம் எனக்குச் சிரிப்பை வரவழைக்கும். விளம்பரத்தால் பந்தயம் கட்டுபவர் எண்ணிக்கை கூடுவதில்லை, போட்டி நிறுவனத்தின் வாடிக்கையாளர் நம்மிடம் வருகிறார் என்பார்கள். அப்படியானால் எல்லாரும் ஒரே நாளில் நிறுத்தினால் யாருக்கும் நஷ்டம் இல்லையே, விளம்பரச் செலவும் மிச்சமாகுமே? இதற்கு நேரான பதில் வராது. ஆனால் ஒரு நியாயமான மறுப்பு இதற்குள் ஒளிந்திருக்கிறது: சந்தை முதிர்ந்தபிறகு விளம்பரத்தை முழுவதும் தடுத்தால், ஏற்கனவே பெயர் பெற்ற பெரிய நிறுவனங்களுக்கு அது அரணாகிவிடும், புதிதாக வருபவர் தலைதூக்க முடியாது. கட்டுப்பாட்டைக் கடைசியில் வைக்காமல் முதலிலேயே வைக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவின் நிலைமை தனி. 1992இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, நெவாடா போன்ற சில விதிவிலக்குகள் தவிர மற்ற மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிப்பதைத் தடுத்து வைத்திருந்தது. 2018 மே 14 அன்று மர்ஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பந்தயம் நல்லதா கெட்டதா என்று நீதிமன்றம் எதுவும் சொல்லவில்லை. மாநிலச் சட்டமன்றம் எதை அனுமதிக்க வேண்டும், எதை அனுமதிக்கக் கூடாது என்று மத்திய அரசு கட்டளையிட முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். தடை போனது, அதன் இடத்தில் நாடு முழுமைக்குமான விதி எதுவும் வரவில்லை. நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் தத்தம் விதிகளோடு சந்தையைத் திறந்தன. 2024இல் சட்டப்பூர்வ விளையாட்டுப் பந்தய நிறுவனங்களின் வருவாய், அதாவது மக்கள் தோற்ற பணம், 1,300 கோடி டாலரைத் தாண்டியது.

அங்கே விளம்பரத்தைக் கட்டுப்படுத்துவது ஐரோப்பாவைவிடக் கடினம். காரணம், பேச்சுரிமை பற்றிய அரசமைப்புத் திருத்தம் வணிக விளம்பரத்துக்கும் ஓரளவு பாதுகாப்பு தருகிறது. 1999இலேயே சூதாட்ட விடுதிகளின் வானொலி, தொலைக்காட்சி விளம்பரத்துக்கு இருந்த தடையை, சூதாட்டம் அனுமதிக்கப்பட்ட லூசியானாவைப் பொறுத்தவரை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் மாநிலங்கள் பொய் விளம்பரம் என்ற வழியாக நுழைகின்றன. "ரிஸ்க் இல்லாத பந்தயம்" என்பது ஒரு காலத்தில் எங்கும் ஒலித்த வாசகம். தோற்றால் திரும்பக் கிடைப்பது ரொக்கமாக இருக்காது, மறுபடி கட்டுவதற்கான வரவாக இருக்கும். அப்படியிருக்க அதில் எப்படி ரிஸ்க் இல்லை? ஒஹாயோ, மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்கள் அந்த வாசகத்தைத் தடுத்தன. 2024 செப்டம்பரில் செனட்டர் புளூமெந்தாலும் பிரதிநிதிகள் அவை உறுப்பினர் டாங்கோவும் கொண்டுவந்த மசோதா, நேரலை ஆட்டங்களின்போது விளம்பரத்தைத் தடுக்கும் அளவுக்குப் போனது.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். விளம்பரம் என்றதும் எல்லாரும் ஜெர்சியையும் தொலைக்காட்சியையும் நினைக்கிறார்கள். ஆளை உண்மையில் பிடித்து வைப்பது செயலிக்குள் நடக்கும் வேலை. போனில் வந்து விழும் அறிவிப்பு, இரண்டு வாரம் கட்டாமல் இருந்தவருக்கு வரும் "இலவசப் பந்தயம்", அதிகம் தோற்பவருக்கென்று தனியாக ஒரு அதிகாரி, அவர் அனுப்பும் பரிசு. இந்தத் தொழிலின் லாபம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். பிரிட்டனின் பிரபுக்கள் சபைக் குழு 2020இல் வெளியிட்ட அறிக்கைப்படி, லாபத்தில் 60 சதவீதம் வருவது ஆடுபவர்களில் 5 சதவீதத்தினரிடமிருந்து. அவர்கள் ஏற்கனவே சூதில் சிக்கியவர்கள், அல்லது சிக்கும் நிலையில் இருப்பவர்கள். மீதி 95 சதவீதம் பேருக்கு இது பொழுதுபோக்கு என்பது உண்மைதான். ஆனால் தொழில் ஓடுவது அந்தச் சிலரால். ஒரு கட்டுப்பாடு அந்த 5 சதவீதத்தினரைத் தொடுகிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் நான் அதை எடைபோடுவேன். ஜெர்சித் தடை அவர்களைப் பெரிதாகத் தொடுவதில்லை. அது அடுத்த தலைமுறைக்கான காப்பு. போனஸ் தடை, கடன் அட்டைத் தடை (பிரிட்டனில் 2020 ஏப்ரல், ஆஸ்திரேலியாவில் 2024 ஜூன்), எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான சுயவிலக்குப் பதிவேடு ஆகியவை தொடுகின்றன.

விற்கப்படும் பந்தயத்தின் தன்மையையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். யார் ஜெயிப்பார் என்று ஆட்டத்துக்கு முன் ஒருமுறை கட்டுவதும், அடுத்த பந்தில் என்ன நடக்கும் என்று நிமிடத்துக்கு ஒருமுறை கட்டுவதும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியாவில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது ஆன்லைனில் பந்தயம் கட்ட முடியாது, தொலைபேசியில் பேசியோ நேரில் போயோதான் கட்ட வேண்டும். விசித்திரமாகத் தோன்றும், ஆனால் அந்தச் சில நிமிடத் தாமதத்துக்கு ஒரு பயன் உண்டு. சின்னச் சின்னப் பந்தயங்கள் ஆட்டத்தின் நேர்மையையும் அரிக்கின்றன. ஒரு அணியையே விலைக்கு வாங்குவது கடினம். ஒரே ஒரு வீரரைச் சீக்கிரம் வெளியேறச் சொல்வது எளிது. கூடைப்பந்து வீரர் ஜான்டே போர்ட்டருக்கு 2024 ஏப்ரலில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ வாழ்நாள் தடை விதித்தது இப்படியொரு விஷயத்தில்தான்.

எச்சரிக்கை வாசகங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. "பொறுப்புடன் விளையாடுங்கள்" என்பது பழியை ஆடுபவர் தலையில் வைக்கும் வாசகம். நிறுவனங்களுக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. ஆஸ்திரேலியா 2023 மார்ச் முதல் அதை எடுத்துவிட்டு, நீங்கள் தோற்கப்போவதற்கே வாய்ப்பு அதிகம் என்ற பொருளில் வாசகங்களைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு ஜூனில் பீட்டா மர்ஃபி தலைமையிலான நாடாளுமன்றக் குழு, ஆன்லைன் சூதாட்ட விளம்பரங்களை மூன்று ஆண்டில் படிப்படியாக முழுவதும் நிறுத்த வேண்டும் என்று 31 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தது. (அமெரிக்க வழக்கின் மர்ஃபிக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை.) அடுத்த இரண்டு ஆண்டுகளில் அரசு அந்தத் தடையைக் கொண்டுவரவில்லை. ஒளிபரப்பு நிறுவனங்களும் விளையாட்டு அமைப்புகளும் எதிர்த்தன. மேலே பிரிட்டனுக்குச் சொன்ன அதே கதை.

முழுத் தடை போட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? இத்தாலி 2018இல் கொண்டுவந்த ஆணை 2019இல் விளம்பரம், ஸ்பான்சர்ஷிப் இரண்டையும் தடுத்தது. 2024இல் இன்டர் மிலான் அணியின் ஜெர்சியில் ஒரு பந்தய நிறுவனத்தின் பெயரையே கொண்ட விளையாட்டுச் செய்தித் தளம் ஸ்பான்சராக வந்தது. செய்தித் தளம் என்பதால் தடையில் அடங்காது என்பது கணக்கு. ஸ்பெயின் 2020இல் விளம்பரத்தை நள்ளிரவு 1 மணி முதல் 5 மணிக்குள் ஒதுக்கி, ஜெர்சியையும் தடுத்தது. ஆனால் பிரபலங்களைப் பயன்படுத்தத் தடை, புதியவர்களுக்கான சலுகைத் தடை போன்ற சில பிரிவுகளை 2024 ஏப்ரலில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த அளவு கட்டுப்பாட்டுக்கு நாடாளுமன்றச் சட்டத்தில் அடிப்படை வேண்டும், அரசாணை போதாது என்றது. ஆகவே எழுதுவதைச் சட்டத்திலேயே எழுத வேண்டும், பெயரையும் சின்னத்தையும் எந்த வேடத்திலும் பயன்படுத்தக் கூடாது என்று சேர்த்து எழுத வேண்டும், உரிமத்தைத் திறக்கும் முன்பே எழுத வேண்டும்.

பந்தயத்தையே தடுத்து வைத்திருக்கும் நாடுகளுக்கும் விளம்பரப் பிரச்சினை உண்டு. இந்தியாவில் 1867ஆம் ஆண்டுச் சட்டக் காலத்திலிருந்தே குதிரைப் பந்தயம் தவிர மற்ற பந்தயங்களுக்குப் பொதுவாக இடமில்லை. 2016இல், கிரிக்கெட் வாரியத்தைச் சீர்திருத்த உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு கிரிக்கெட் பந்தயத்தைச் சட்டப்பூர்வமாக்கலாம் என்றது. 2018இல் சட்ட ஆணையம் தன் 276ஆவது அறிக்கையில், தடுக்க முடியாவிட்டால் ஒழுங்குபடுத்துவதே வழி என்ற நிலைக்கு வந்தது. அரசு அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் வெளிநாட்டுப் பந்தயத் தளங்கள் "விளையாட்டுச் செய்தி" என்ற பெயரில் விளம்பரம் செய்வதை நிறுத்தும்படி 2022இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அறிவுறுத்த வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடுத்ததோடு, அவற்றை விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று தனியாக எழுதியது. சட்டம் வந்த சில நாட்களில் இந்தியக் கிரிக்கெட் அணியின் ஜெர்சி ஸ்பான்சர் விலகியது.

ஆனால் இங்கிலாந்தில் நடக்கும் ஆட்டம் இந்தியாவிலும் நேரலையாக வருகிறது. அந்த ஜெர்சிகளில் பெயர் போட்ட நிறுவனங்கள் பலவற்றுக்கு பிரிட்டிஷ் ரசிகர் முக்கியமே இல்லை. ஆசியாவில், பந்தயம் சட்டவிரோதமான நாடுகளில், இரவு விழித்துப் பார்ப்பவர்தான் இலக்கு. நார்வேக்கும் இதே தலைவலி இருந்தது. பந்தயம் அங்கே அரசு நிறுவனத்தின் ஏகபோகம், ஆனால் வெளிநாட்டிலிருந்து ஒளிபரப்பாகும் சேனல்கள் வழியாக விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. 2021இல் சட்டத்தை மாற்றி, அந்த விளம்பரங்களை நிறுத்தும்படி நாட்டுக்குள் சேனல்களை விநியோகிக்கும் நிறுவனங்களுக்கு உத்தரவிடும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார்கள். சூதாட்டத் தளங்களுக்கு வங்கிகள் பணம் அனுப்பக் கூடாது என்ற விதி அதற்குப் பத்தாண்டு முன்பே அங்கே இருந்தது.